ஆண்டு முடிந்ததும் வேறு செக்யூரிட்டி ஏஜென்சிக்கு மாறிவிடுகிறார்களே, என்ன செய்வது?

கேள்வி இது: "சென்னையில் சின்னதாக ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துகிறேன். பத்துப் பன்னிரண்டு இடம், பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், கூடவே இரண்டு தொழிற்சாலைகள். முதல் ஆறு மாதம் நல்லபடியாகப் போகிறது. ஆண்டு முடிந்ததும் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் குறைத்துச் சொல்கிறவரிடம் போய்விடுகிறார்கள். வாடிக்கையாளர் நம்மிடமே நிலைக்க என்ன வழி?"

மாறும்போது சொல்லும் காரணம்தான் அந்த ஐந்நூறு ரூபாய். மாறலாம் என்ற எண்ணம் நான்கைந்து மாதம் முன்பே கமிட்டியில் விழுந்திருக்கும். பெரும்பாலும் அது விழுவது இப்படி. அசோசியேஷன் பொருளாளர் மாலையில் கேட் பக்கம் வரும்போது காவலாளியிடம், "கையில எவ்வளவுப்பா வருது?" என்று கேட்கிறார். "பதிமூணாயிரம் சார்" என்கிறார் அவர். மேலே போய்ப் பில்லைப் பார்த்தால் ஆளுக்கு இருபத்தாறாயிரம். நடுவில் உள்ள பதின்மூன்றாயிரம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஏஜென்சி பாதியை விழுங்குகிறது என்று அன்றைக்கே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தாலும், மாதம் ஒருமுறை நேரில் போய் வணக்கம் சொன்னாலும் பயன் சொற்பம்தான்.

இந்தத் தொழிலில் உங்கள் நாணயத்தை வாடிக்கையாளர் அளப்பது காவலாளியின் சம்பளத்தை வைத்துத்தான். எவ்வளவு போகிறது, எந்தத் தேதியில் போகிறது, பி.எஃப். கட்டினார்களா என்ற மூன்றுக்கும் கேட்டில் நிற்பவர் சொல்வதும் நீங்கள் சொல்வதும் பில்லில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். அதனால் முதல் வேலை, பில்லோடு போகும் கணக்குத்தாளைச் சரிசெய்வது.

"செக்யூரிட்டி 3 பேர், மொத்தம் இவ்வளவு" என்று ஒற்றை வரியில் பில் போட்டால், அடுத்தவருடைய ஒற்றை வரியோடு வைத்துத்தான் பார்ப்பார்கள். அதில் குறைந்த எண் ஜெயிக்கும். கொட்டேஷனிலேயே பிரித்துக் காட்டுங்கள். கணக்கு எளிதாக இருக்க, 8 மணி நேர டியூட்டிக்கு மாதம் 26 நாளுக்குக் கூலி 15,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பகுதிக்குப் பொருந்தும் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பைப் பார்த்து அந்த எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி: 15,000
பி.எஃப். நிறுவனப் பங்கு, நிர்வாகக் கட்டணம், காப்பீடு சேர்த்து 13%: 1,950
இ.எஸ்.ஐ. நிறுவனப் பங்கு 3.25%: 488
போனஸ் 8.33%: 1,250
சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 நாள், தேசிய, பண்டிகை விடுமுறை 9 நாள், ஆண்டுக்கு 21 நாள் கணக்கில்: 1,010
பணிக்கொடை 4.81%: 722
சீருடை, ஷூ, டார்ச், மழைக்கோட்டு: 300
ஓர் ஆளுக்கு ஆகும் செலவு: 20,720
வார ஓய்வுக்கு ரிலீவர், ஆறில் ஒரு பங்கு: 3,453
சர்வீஸ் சார்ஜ் 8%: 1,934
ஒரு போஸ்ட்டுக்கு (ஒரு ஷிப்ட்டில் ஒருவர் நிற்கும் இடம்), ஜி.எஸ்.டி. சேராமல்: 26,107

இதற்குக் கீழே இன்னொரு வரி கட்டாயம் வேண்டும். பெரும்பாலான கொட்டேஷன்களில் விட்டுப்போவது அதுதான். "காவலாளியின் கையில் கிடைப்பது: 15,000 கழித்தல் பி.எஃப். 1,800, கழித்தல் இ.எஸ்.ஐ. 113, மீதி 13,087." இந்த எண்ணைக் காவலாளியிடமும் சொல்லி வையுங்கள், சம்பளச் சீட்டிலும் போடுங்கள். பொருளாளர் கேட்டில் கேட்ட பதிமூணாயிரமும் இந்தத் தாளில் உள்ள 13,087-ம் பொருந்திவிடும். இடைவெளி 13,020 ரூபாயில் உங்களுக்கு வருவது 1,934 மட்டுமே, அதிலும் ஆபீஸ் வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், பெட்ரோல் எல்லாம் போகவேண்டும் என்பது அவருக்கே விளங்கும். சர்வீஸ் சார்ஜை மறைத்து, "சார்ஜே இல்லை சார், சேவை மாதிரிதான் பண்றோம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். லாபம் எதுவும் காட்டாத ஏஜென்சி அதை யாருடைய சம்பளத்திலிருந்தோ எடுக்கிறது என்பது விவரமான கமிட்டிக்குத் தெரியும். 8 சதவீதமோ 10 சதவீதமோ, வெளிப்படையாக எழுதுங்கள்.

ரிலீவர் வரிக்கு எப்போதும் கேள்வி வரும். வாரம் ஆறு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. கேட்டுக்கு ஓய்வு கிடையாது. ஆறு டியூட்டிக்கு ஒரு டியூட்டி வேறு ஆள் பார்க்கவேண்டும், அவருக்கும் இதே செலவு உண்டு. இந்த வரி இல்லாத கொட்டேஷனில் வார ஓய்வே இல்லை, அல்லது அடுத்த ஷிப்ட் ஆளே டபுள் டியூட்டி பார்க்கிறார் என்று பொருள்.

இப்போது 12 மணி நேர டியூட்டிக்கு வருவோம். சந்தையில் பாதிக்கு மேல் இதில்தான் ஓடுகிறது, ஒருவேளை நீங்களும் அப்படித்தான் ஓட்டுகிறீர்கள். 8 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி. ஆக 12 மணி நேரம் நிற்பவருக்கு 16 மணி நேரக் கூலி சேரவேண்டும். 24 மணி நேரத்துக்கு மூன்று ஷிப்ட் வைத்தால் கூலி மட்டும் 45,000. இரண்டு பேரை வைத்து ஓவர்டைமைச் சட்டப்படி கொடுத்தால் 60,000. இரண்டு ஆள் முறை மலிவாகத் தெரிவதே ஓவர்டைம் கொடுக்கப்படாததால்தான். "ஆளுக்கு 18,000, 12 மணி நேரம், 30 நாள்" என்று கொட்டேஷன் வந்தால், அதைத் திட்டவேண்டாம். மேலே உள்ள தாளின் வரிகளில் எதெதற்கு அதில் இடமிருக்கிறது என்று கமிட்டியே டிக் அடித்துப் பார்க்கட்டும். காவலாளிக்குக் கூலியோ பி.எஃப்.போ போகாவிட்டால் அந்தப் பொறுப்பு வேலைக்கு அமர்த்திய இடத்தின் தலையில் விழக்கூடும் என்பதையும் ஒரு வரி சொல்லுங்கள். பயமுறுத்தும் தொனியில் வேண்டாம்.

கமிட்டியிடம் உண்மையிலேயே பணம் இல்லை என்றால், கூலியைக் குறைக்காமல் போஸ்ட்டைக் குறைக்க வழி சொல்லுங்கள். இரண்டு கேட் இருந்தால் இரவு 10 முதல் காலை 6 வரை ஒன்றைப் பூட்டலாம். அந்த ஒரு ஷிப்ட் போனால் 26,107 மிச்சம், அடுத்தவர் தரும் ஐந்நூறு ரூபாய்த் தள்ளுபடியைப்போல ஐம்பது மடங்கு. தன் பில் குறையும் யோசனையைத் தானே சொல்லும் ஏஜென்சியை மாற்ற எந்தக் கமிட்டிக்கும் எளிதில் மனம் வராது.

ஒப்பந்தம் உடைகிற இன்னொரு இடம் ஏப்ரல் மாதம். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலிக்கான பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று, விலைவாசிக் குறியீட்டை ஒட்டி மாறும். ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஜூனில் திடீரென்று கூட்டின பில்லோடு போய் நிற்பீர்கள். இல்லையென்றால் உயர்வைக் காவலாளிக்குக் கொடுக்காமல் விட்டுவிடுவீர்கள், அது செப்டம்பரில் அவர் வாயாலேயே வெளியே வரும். ஒப்பந்தத்தில் இப்படி எழுதுங்கள்: "அரசு அறிவிப்பால் கூலி உயர்ந்தால், உயர்ந்த தொகையும் அதன்மேல் சட்டப்படி ஏறும் செலவுகளும் அந்தத் தேதியிலிருந்து பில்லில் சேரும். அறிவிப்பின் நகல் இணைக்கப்படும்." ஒருவருக்கு 400 ரூபாய் ஏறினால் போஸ்ட்டுக்கு எவ்வளவு ஏறும் என்பதையும் முன்பே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மேலே உள்ள தாளில், பி.எஃப். கணக்கிடும் கூலி 15,000 உச்சவரம்பிலேயே நின்றாலும், ஏறத்தாழ 620 ரூபாய் வரும். பிப்ரவரியில் ஒரு கடிதம் போகட்டும். ஆண்டுக் கூட்டத்தில் பராமரிப்புக் கட்டணத்தை நிர்ணயிக்கும்போது செயலாளர் கையில் அது இருக்கவேண்டும். அசோசியேஷன்களுக்கு உயர்வைவிடப் பிரச்சினை, பட்ஜெட் முடிந்தபிறகு வருகிற உயர்வு.

சம்பளத்தைத் துண்டுபோட்டு, 7,000 அடிப்படை, மீதி எல்லாம் அலவன்ஸ் என்று காட்டி பி.எஃப்.பைக் குறைக்கும் பழைய வழி இனி ஓடாது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, கூலிக் கணக்கில் சேராத அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி கூலியாகவே கணக்காகும். அப்படிப் பிரித்து விலையைக் குறைத்திருந்தால் இப்போதே வாடிக்கையாளரிடம் பேசித் திருத்திக்கொள்வது நல்லது. பின்னால் நிலுவை என்று வந்தால் அந்தப் பில்லை எந்தக் கமிட்டியும் ஏற்காது.

அடுத்தது ஆதாரம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் கெடு மறுமாதம் 15. பல ஏஜென்சிகள் சலான் நகலைப் பில்லோடு இணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கின்றன. வெறும் சலானில் மொத்தத் தொகைதான் இருக்கும். உங்கள் 40 பேருக்கும் கட்டிய ஒரே சலானைப் பத்து வாடிக்கையாளருக்கும் காட்டலாம். யாருக்காகக் கட்டினீர்கள் என்பது அதில் தெரியாது. பத்துப் பேருக்கு மட்டும் கட்டி, நாற்பது பேருக்குக் கட்டியதாகக் காட்டும் வித்தை நடப்பது இந்த ஓட்டையில்தான். பி.எஃப்.புக்கு மாதாமாதம் தாக்கல் செய்யும், பெயர்வாரியாக உள்ள இ.சி.ஆர். தாளில் அந்த இடத்தில் வேலை பார்த்தவர்களின் வரிகளை மட்டும் எடுத்து, அந்த மாத வருகைப் பதிவேட்டுப் பெயர்களோடு வரிசை பொருந்தும்படி கொடுங்கள். யு.ஏ.என். (ஒவ்வொருவருக்கும் உரிய பி.எஃப். அடையாள எண்), கூலி, கட்டிய தொகை, சலான் எண் இருந்தால் போதும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண்ணை மறைத்துவிடுங்கள். கூடவே சம்பளம் வங்கியில் போன தேதியைக் காட்டும் பட்டியல் ஒன்று. ரொக்கமாகச் சம்பளம் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். நாணயமாகக் கொடுத்தாலும் அதற்குச் சாட்சி கிடையாது.

காவலாளிகளுக்கு அரசின் உமாங் செயலியில் பி.எஃப். பாஸ்புக் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். சூப்பர்வைசர் பத்து நிமிடம் செலவழித்தால் போதும். "எங்க கணக்குல மாசாமாசம் ஏறுது சார்" என்று காவலாளி சொல்வதற்கு இணையான விளம்பரம் இந்தத் தொழிலில் கிடையாது.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் பலரால் முடிவதில்லை? கைமுதல் போதாததால். அசோசியேஷன் பணம் வந்தால்தான் சம்பளம் என்று ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். 40 பேர் இருக்கும் ஏஜென்சிக்குக் கணக்குப் பாருங்கள். 7ஆம் தேதிக்குள் கைச்சம்பளம் 40 பேருக்கு ஏறத்தாழ 5.23 லட்சம். 15ஆம் தேதி பி.எஃப். இரு பங்கும் 1.5 லட்சம், இ.எஸ்.ஐ. 24,000. மாதாந்திரத் தாக்கல் என்றால் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி., ரிலீவர்கள் போக 34 போஸ்ட்டுக்கு ஏறத்தாழ 1.6 லட்சம், பில் பணம் வந்தாலும் வராவிட்டாலும். மொத்தம் எட்டரை லட்சம், வாடிக்கையாளரிடமிருந்து ஒரு ரூபாய் வருவதற்கு முன். ஒரு தொழிற்சாலை 45 நாள் இழுத்தால் இதே அளவு இன்னொரு மாதத்துக்கும் வேண்டும். கையில் ஆறு லட்சம் வைத்துக்கொண்டு 40 பேரை ஓட்டினால், முதலில் தள்ளிப்போவது சம்பளம். அது 12ஆம் தேதிக்குப் போன மாதத்தில், 5ஆம் தேதியே பில்லைக் கட்டிய அசோசியேஷன் தன் காவலாளியிடமிருந்து, "இன்னும் போடல சார்" என்று கேட்கும். தன் பணம் வேறு யாருடைய பாக்கிக்கோ ஓடுகிறது என்று அவர்கள் நினைப்பார்கள். அது உண்மையும்கூட.

ஆகவே புதிய இடம் எடுக்கும்முன், அந்த இடத்தின் ஒன்றரை மாதச் சம்பளச் செலவு கையிலோ ஓவர்டிராஃப்ட்டிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எடுக்காதீர்கள். தவணையை ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதுங்கள். அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் பெற்ற குறு, சிறு நிறுவனமாக நீங்கள் இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை தர முடியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி. தொழிற்சாலைக்காரர்களிடம் வட்டியைக் காட்டிப் பேசுவது உறவைக் கெடுக்கும். "45 நாள் தாண்டி, ஆண்டு முடிந்தும் பாக்கி நிற்கும் தொகை உங்களுக்கு அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழியாது" என்று அவர்களுடைய கணக்காளரிடம் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அவரே ஞாபகம் வைத்துக்கொள்வார்.

வராத ஆளுக்குப் பில் போடுவது பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை, போடக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் அது எப்படி நேர்கிறது என்று தெரியவேண்டும். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் உட்கார்ந்து ஒரே பேனாவில் 30 நாளும் வருகை எழுதுவதில்தான் தவறு நுழைகிறது. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், அசோசியேஷன் மேனேஜரும் சூப்பர்வைசரும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். எந்தப் புதன்கிழமை இரவு ஆள் இல்லை என்பது நான்கு நாளில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நான்கு வாரத்தில் இருக்காது. ஆள் இல்லாத டியூட்டியை நீங்களே கழித்து, பில்லில் "14ஆம் தேதி இரவு, ஒரு டியூட்டி குறைவு" என்று எழுதிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துக் கழிப்பதற்கும் நீங்கள் கழிப்பதற்கும் தொகை ஒன்றுதான், விளைவு வேறு.

தூங்குகிறார் என்ற புகார் வந்தால் முதலில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு முறை அவர் முந்தின ஷிப்ட்டையும் சேர்த்துப் பார்த்தவராக இருப்பார், அல்லது பகலில் வேறு எங்கோ வேலை செய்பவராக இருப்பார். 16 மணி நேரம் நின்றவரைத் தூங்கியதற்காக மாற்றினால், வருகிற புது ஆளும் அடுத்த வாரம் தூங்குவார். இரவுச் சோதனையை 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், நேரம் மாற்றி மாற்றி, இடத்துக்கு வாரம் இரண்டு முறை செய்யுங்கள். செல்போனில் கூப்பிட்டு, "முழிச்சிருக்கியா?" என்று கேட்பது சோதனை ஆகாது. சூப்பர்வைசர் நேரில் போய்ப் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திடவேண்டும். தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான மத்திய மாதிரி விதிகள் 15 காவலாளிக்கு ஒரு சூப்பர்வைசர் என்கின்றன. ஆட்கள் வெவ்வேறு இடங்களில் சிதறியிருந்தால் 6 பேருக்கு ஒருவர். பத்து இடத்தில் நாற்பது பேரை ஒரே ஆள் பைக்கில் சுற்றிச் சமாளிப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

பொங்கல், தீபாவளிக்கு ஆள் காணாமல் போவது ஆண்டுதோறும் வரும் கதை, ஆண்டுதோறும் எதிர்பாராததுபோல நடக்கும். டிசம்பர் முதல் வாரத்திலேயே யார் பொங்கலுக்கு முன், யார் பின் என்று எழுதி வாங்குங்கள். வடமாநிலத்துக்காரர்களுக்கு ஹோலி, சத் பூஜை நாட்களில் அதே ஏற்பாடு. மாற்று ஆளின் பெயர், படம், அடையாள அட்டை எண் மூன்று நாள் முன்பே அசோசியேஷனுக்குப் போகவேண்டும். தெரியாத முகம் கேட்டில் நிற்பதுதான் குடியிருப்பவர்களுக்கு எரிச்சல்.

வேலை வரம்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும். அடுக்குமாடிகளில் காவலாளி என்பவர் மோட்டார் போடுகிறார், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிறார், பார்சல் வாங்கி வைக்கிறார், சில இடங்களில் கார் துடைக்கிறார். அவர் மேலே மோட்டார் அறையில் இருக்கும்போது கீழே சைக்கிள் காணாமல் போகிறது. பழி உங்கள் மேல் வரும். ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் ஒரு பக்கத்தில் வேலை விவரம் எழுதி, செயலாளரிடம் கையெழுத்து வாங்கி, கேட் அறையில் ஒட்டுங்கள். எந்த வேலைக்காக எத்தனை நிமிடம் கேட்டை விட்டுப் போகலாம் என்பதும் அதில் இருக்கட்டும்.

சென்னைக்கே உரிய ஒன்று தண்ணீர் லாரி. கோடையில் ஒரு குடியிருப்புக்குப் பெரிய செலவே அதுதான், அந்த ரசீதில் கையெழுத்துப் போடுவது உங்கள் ஆள். "12,000 லிட்டர் பெற்றுக்கொண்டேன்" என்று அவர் எழுதுகிறார், அளக்க அவரிடம் எதுவும் இல்லை. லாரி டிரைவரோடு கூட்டு என்ற பேச்சு எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். இதற்கு ஒரு மரச்சட்டம் போதும். சம்ப்பின் (நிலத்தடித் தொட்டியின்) உள் நீளம், அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் தளப்பரப்பு 12 சதுர மீட்டர், மட்டம் 1 சென்டிமீட்டர் ஏறினால் 120 லிட்டர். 12,000 லிட்டர் முழுதாக வந்தால் மட்டம் 100 சென்டிமீட்டர் ஏறவேண்டும். 85 ஏறினால் வந்தது 10,200 தான். சட்டத்தில் சென்டிமீட்டர் குறித்து, லாரி இறக்குமுன் ஒரு அளவு, இறக்கியபின் ஒரு அளவு, வண்டி எண், நேரம் என நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டுப் போதும். இறக்கும் நேரத்தில் மோட்டாரை நிறுத்தி வைக்கவேண்டும், இல்லையென்றால் மேல் தொட்டிக்கு ஏறுகிற தண்ணீரும் கணக்கைக் குலைக்கும். சம்ப்பில் 100 சென்டிமீட்டர் காலியிடம் இருக்கும்போதுதான் லாரியைக் கூப்பிடவேண்டும் என்பதையும் எழுதுங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைத் திருப்பி எடுத்துப்போகும் லாரிக்கும் முழு ரசீதுதான் வரும். ரசீதில் காவலாளி "லாரி வந்தது, மட்டம் இவ்வளவு ஏறியது" என்று மட்டும் எழுதட்டும். இதற்கு உங்களுக்குத் தனிச் செலவு இல்லை. ஆனால் மாதக் கடைசியில் இந்த நோட்டின் பக்கத்தைப் படமெடுத்துப் பொருளாளருக்கு அனுப்புகிற ஏஜென்சியை அடுத்த கமிட்டியும் விடாது.

திருட்டு நடந்தால்தான் உண்மையான சோதனை. பொதுவாக ஏஜென்சி செய்யும் முதல் காரியம், சந்தேகப்பட்ட காவலாளியை அன்று மாலையே வேறு இடத்துக்கு மாற்றுவது. பிரச்சினையை அகற்றிவிட்டோம் என்று உங்களுக்குத் தோன்றும், ஆளை ஒளித்துவிட்டார்கள் என்று அவர்களுக்குத் தோன்றும். போலீஸ் விசாரிக்கும்வரை அவர் அழைத்தால் வரக்கூடிய இடத்தில் இருக்கவேண்டும், அது எங்கே என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். கேமரா பதிவை அன்றைக்கே பென் டிரைவில் எடுக்கச் சொல்லுங்கள். கேமரா பதிவுக் கருவியான டி.வி.ஆரின் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே எழுதும், கேமராக்கள் அதிகம் உள்ள இடத்தில் இரண்டு வாரத்திலேயே அழிந்துவிடலாம். பதிவில் காட்டும் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள், இருபது நிமிடம் தள்ளியிருந்தால் தப்பான ஷிப்ட் ஆள்மேல் பழி போகும். தகவல் தெரிந்த அரை மணி நேரத்தில் செயலாளருக்கு நீங்களே போன் செய்யவேண்டும், 24 மணி நேரத்தில் எழுத்து அறிக்கை. அதில் நேரம், யார் டியூட்டி, பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பவை மட்டும். யார் எடுத்திருப்பார்கள் என்ற ஊகம் வேண்டாம்.

நஷ்டத்தை யார் ஏற்பது என்ற பேச்சு அப்போது தொடங்கினால் சண்டையில்தான் முடியும். ஒப்பந்தத்திலேயே, ஊழியரின் நேர்மைக்கேட்டால் வரும் இழப்புக்கு எவ்வளவு வரை நீங்கள் பொறுப்பு என்று எழுதி, அந்தத் தொகைக்கு ஃபிடிலிட்டி காரண்டி பாலிசி (ஊழியர் நேர்மைக்கேட்டுக்கான காப்பீடு) எடுத்து, நகலைக் கொடுத்துவிடுங்கள். பாலிசியின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள், போலீஸ் புகாரும் முன்பே செய்த பின்னணிச் சரிபார்ப்பும் இல்லாமல் கேட்புத் தொகை கிடைப்பது கடினம். அசோசியேஷன் பில்லில் கழித்ததைக் காவலாளி சம்பளத்தில் கழிப்பது பரவலாக நடக்கிறது. அபராதம் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்டபிறகுதான்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும், அது ஐந்தாண்டு செல்லும். எல்லாக் காவலாளிக்கும் போலீஸ் சரிபார்ப்பும் படத்துடன் அடையாள அட்டையும் வேண்டும், புதியவருக்கு வகுப்பில் 100 மணியும் களத்தில் 60 மணியும் பயிற்சி. ஜி.எஸ்.டி.யில் பலர் தவறுவது ஒன்று உண்டு. உங்களுடையது தனிநபர் அல்லது கூட்டாண்மை நிறுவனமாக இருந்து, வாடிக்கையாளர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால், 2019 ஜனவரி 1 முதல் வரி கட்டவேண்டியது அவர்தான். அங்கே நீங்கள் 18% சேர்த்துப் பில் போட்டால் பின்னால் அவருக்குத்தான் சிக்கல், அதை அவருடைய ஆடிட்டர் கண்டுபிடிக்கும் நாளில் உங்கள் மற்றக் கணக்குகளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், இப்போதிருக்கும் பன்னிரண்டு இடத்தில் புதுப்பிக்க மூன்று மாதமே உள்ள இடங்களை விட்டுவிட்டு, ஐந்தாறு மாதம் இருக்கும் இடங்களில் முதலில் கணக்குத்தாளை மாற்றுங்கள். புதுப்பிக்கும் வேளையில் திடீரென்று கணக்கைத் திறந்தால் பேரம் பேசும் உத்தி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சில இடங்கள் போகும். கமிட்டி மாறும், புதுத் தலைவருக்குத் தெரிந்தவர் ஏஜென்சி வைத்திருப்பார். போகும்போது சாவிகள், கேட் ரிமோட், பதிவேடுகள், வாக்கி டாக்கி எல்லாவற்றையும் பட்டியலிட்டு இருதரப்பும் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள். கடைசிப் பில்லுக்காகப் பதிவேட்டைப் பிடித்து வைக்காதீர்கள். வேலையைவிட்டு நிற்கும் காவலாளிகளுக்குப் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் முடித்து, பி.எஃப். போர்ட்டலில் வெளியேறிய தேதியையும் போட்டுவிடுங்கள். அந்தத் தேதி இல்லாவிட்டால் பழைய கணக்கை மாற்றவோ பணம் எடுக்கவோ அவர் அலையவேண்டியிருக்கும். அவர்களில் பாதிப்பேர் அதே கேட்டில் புது ஏஜென்சி சீருடையில்தான் நிற்கப்போகிறார்கள், அந்த அலைச்சலைப் பற்றி முதலில் சொல்லப்போவதும் அதே பொருளாளரிடம்தான்.